காட்பாடி, இரவு செட்

ஷூ கம்பெனி பஸ்
ஆறு நாற்பதுக்கு விருதம்பட்டு முனையில் நிற்கும்.
அதற்குள் மாமாவின் வாயில்
ஐந்து மாத்திரை போயிருக்க வேண்டும்.
மத்தியானம் இரண்டு, பக்கத்து வீட்டு ரெஜினா கையால்.
ராத்திரி நான்கு, என் கையால்.

பதினொன்றையும் யாரும்
ஒரே நாளில் எழுதித் தரவில்லை.
பந்திக்கு வந்தவர்கள் எழுந்து போகாமல்
அடுத்த பந்தியும் வந்து உட்கார்ந்தது போல
ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

மறதிக்கு ஒன்று.
அது வந்தபின் மூத்திரம் அடங்கவில்லை.
மூத்திரத்துக்கு ஒன்று.
அது வந்தபின் வாய் உலர்ந்து, மலம் கட்டி,
பீரோவுக்குப் பக்கத்தில் எவனோ நிற்பதாகச் சொன்னார்.
மலத்துக்கு ஒன்று.
பீரோவுக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு ஒன்று.
முந்தின வருஷத்து அக்னி நட்சத்திரத்தில்
அரிப்புக்கென்று கொடுத்தது இன்னொன்று.
மழை வந்து, போய், மறுபடி வெயில் வந்தும்
சீட்டை விட்டு இறங்கவே இல்லை அது.

தூக்கத்துக்கு ஒன்று.
அது அவருக்கா எனக்கா என்று
நான் கேட்டுக்கொண்டதில்லை.

முப்பத்தோரு வருஷம் காட்பாடி ஆர்.எம்.எஸ்ஸில்
தபால் பிரித்தவர், ஜெயவேலு மாமா.
மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்தால்
விரல்கள் தாமாகவே போகும்.
வெள்ளை, ஜோலார்பேட்டை.
மஞ்சள், அரக்கோணம்.
சிவப்பும் நீலமுமான கேப்சூல், குடியாத்தம்.
“வாலாஜா பை கட்டியாச்சா?” என்பார்.
ஒரு நாள் செவ்வாய்க்கிழமை அறையில் மட்டும்
ஒன்பது கிடந்தன.
அதிலிருந்து டப்பா பரண்மேல்.

தை மாசம் பாத்ரூமில் விழுந்தார்.
புருவத்தில் ஆறு தையல்.

முதியோர் பிரிவு டாக்டரம்மா
“சீட்டு வேண்டாம், வீட்டில் இருக்கிற
மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க” என்றார்.
கட்டைப்பையோடு போனேன்.
புதிதாக எழுதுவார் என்று
ரெஜினாவிடம் ஆயிரம் ரூபாய் கைமாற்றும் வாங்கியிருந்தேன்.

அவர் அடித்தார்.
“இதை முதலில் நிறுத்துவோம்,
மூணு வாரம் பார்ப்போம், அப்புறம் அடுத்தது.
தூக்க மாத்திரையைச் சட்டுனு விட்டுடாதீங்க.
முக்கால், அரை, கால்.
எது மாறினாலும் எழுதி வைங்க.”
ஞாபகம் திரும்புமா என்றேன்.
“திரும்பாது” என்றார், என்னைப் பார்த்தே.
“விழுறது குறையலாம். பகலில் முழிச்சிருக்கலாம்.”

மஸ்கட்டிலிருந்து இவர் கேட்டார்:
“செலவுக்குப் பயந்து நிறுத்துறியா?”
வீடியோவை அணைத்துவிட்டுப் பேசினேன்.

கால் மாத்திரை வாரத்தில்
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து செருப்பைத் தேடினார்.
மூன்றாவது ராத்திரியும் தேடினார்.
“மெயில் வந்துடும், கதவைத் திற.”
வெட்டி மீந்த முக்கால் துண்டு
என் உள்ளங்கையில் இருந்தது.
இன்னொரு கையில் தண்ணீர்.
காலையில் நானூறு ஜோடி அப்பருக்குப் பசை தடவ வேண்டும்.
அவரும் தூங்குவார், நானும் தூங்குவேன்.
டாக்டரம்மாவின் நோட்டுக்கு
இதை யார் சொல்லப்போகிறார்கள்?

மாமா குனிந்து என் கையைப் பார்த்தார்.
கண்ணாடி இல்லாமல், ரொம்ப நேரம்.
“அட்ரஸ் சரியில்லம்மா.
அனுப்புனவங்களுக்கே திருப்பிடு.”

தண்ணீரை நான் குடித்தேன்.
விடியும்வரை இரண்டு பேரும்
பழைய கல்யாணப் பத்திரிகைகளை
ஊர்வாரியாகப் பிரித்தோம்.
பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினேன்.

இப்போது ஆறு மாத்திரை.
அத்தை எங்கே என்று
நாளைக்கு நாலு தரம் கேட்கிறார்,
முன்பு கேட்கத் தெம்பில்லாமல் கிடந்தவர்.
ஒவ்வொரு தரமும் புதிதாக அழுகிறார்.
இதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு.
ஒரு வாய் வைத்துவிட்டு
“நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?” என்றார்.
“உப்பே இல்லியே.”

தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
போடவே இல்லை.